பந்தியில் ஒரு காலி இலை

மலையாளிகள் மத்தி மீனுக்குச் செல்லமாக 'குடும்பம் புலர்த்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்குச் சோறு போடுவது என்று அர்த்தம். ஒரு சாண்கூட நிறையாத மீனுக்கு இந்தப் பட்டம் சும்மா கிடைக்கவில்லை. கையில் காசு குறைந்த வீட்டிலும் கப்பைக்கிழங்கோடு மத்திக் கறி இருக்கும். தென்மேற்குப் பருவமழை ஓய்கிற சமயத்தில் பிடிபடும் மத்தி கொழுப்பேறி, சூடான கல்லில் போட்டால் தன் நெய்யிலேயே பொரியும். மீன்பாடு மிகுந்த ஆண்டுகளில் தின்றதுபோக மிஞ்சியதைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். அதற்கும் மிஞ்சியது தென்னைக்கு உரமாகப் போனது.

தமிழ்க் கரையில் இதே மீனைச் சாளை, நெய்ச்சாளை, பேச்சாளை என்று ஊருக்கொரு பெயரில் அழைக்கிறார்கள். பெயர்கள் பல இருந்தாலும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் சென்னை, கடலூர் பக்கம் இந்த மீன் வலையில் ஏறுவது அபூர்வம். அதன் சொந்த ஊர் மேற்குக் கரை. கன்னியாகுமரியை ஒட்டிய 8 டிகிரி அட்சரேகையிலிருந்து கர்நாடகத்தில் ஹொன்னாவர் பக்கத்து 14 டிகிரி வரைதான் அது கூட்டம் கூட்டமாகத் திரிந்தது.

அந்த எல்லைக்குக் காரணம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் பருவக்காற்று மலபார் கரையோரத்து மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அடியில் மட்கிக் கிடந்த சத்துகளும் அதோடு ஏறி வர, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வெயில் பட்டுப் பெருகுகின்றன. மத்திக்கு அதுதான் விருந்து. மழையும் காற்றும் சேர்ந்து பந்தி போட, மத்தி வந்து உட்கார்ந்தது.

1985 வரை இப்படித்தான். அதன்பிறகு கணக்கு மாறத் தொடங்கியது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் இ. விவேகானந்தனும் அவரோடு பணியாற்றியவர்களும் பல பத்தாண்டு மீன்வரத்துப் பதிவுகளைப் புரட்டினார்கள். 14 டிகிரிக்கு வடக்கே ஏறக்குறைய இல்லாதிருந்த மத்தி, 2006 வாக்கில் நாட்டின் மொத்த மத்திப் பிடிப்பில் சுமார் 15 சதவீதத்தை 14 முதல் 20 டிகிரி வரையிலான கடற்பகுதியிலிருந்து தந்துகொண்டிருந்தது. கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கும் வந்துவிட்டது. சாப்பிட்டுப் பழகாத கரையில் அத்தனை மத்தியும் ஏறியபோது, ஐஸ் போட்டு லாரியில் அடுக்கிக் கேரளத்துக்கு அனுப்பும் வியாபாரம் பிறந்தது. மீன் கடல் வழியாக இந்தப் பக்கம் வந்தது. தரை வழியாக ஊர் திரும்பியது.

மீனுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது

நம் உடம்பு வெயிலிலும் குளிரிலும் 37 டிகிரியைக் காத்துக்கொள்கிறது. சூரை போன்ற சில இனங்கள் நீங்கலாக, மீனுக்கு அந்த வசதி இல்லை. கடல் எந்த வெப்பத்தில் இருக்கிறதோ அதுவே அதன் உடம்பின் வெப்பம். நீர் 10 டிகிரி சூடேறினால் மீனுடைய உடலின் இயக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில இனங்களில் மூன்று மடங்கு வேகமாகிறது. அந்த வேகத்துக்கு ஆக்சிஜனும் அதிகம் வேண்டும்.

அதே நேரத்தில் தண்ணீர் கைவிரிக்கிறது. 15 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் சுமார் 6 மில்லிகிராம்தான். செலவு ஏறுகிற வீட்டில் வருமானமும் குறைந்தால் என்ன நடக்கும்? முதலில் சேமிப்பு நிற்கும். மீனும் முதலில் வளர்ச்சியிலும் சினை வைப்பதிலும்தான் கை வைக்கிறது. வளர்ந்த மீன் தாங்குகிற சூட்டைச் சினை பிடித்த மீனும், முட்டைக்குள் இருக்கும் கருவும் தாங்குவதில்லை. ஓர் இனம் எங்கே வாழலாம் என்பதைப் பெரும்பாலும் அதன் பிள்ளைப்பேறுதான் முடிவு செய்கிறது.

மனிதர் எரித்த நிலக்கரியாலும் எண்ணெயாலும் பூமியில் கூடுதலாகத் தங்கிய வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. ஆகவே மீன் கிளம்புகிறது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு 2019-ல் வெளியிட்ட கடல் அறிக்கையின்படி, 1950களிலிருந்து மேல்நீரில் வாழும் உயிரினங்கள் பத்தாண்டுக்குச் சராசரியாக 52 கிலோமீட்டர் துருவங்களை நோக்கி நகர்ந்திருக்கின்றன. கடல் தரையில் வாழ்பவை 29 கிலோமீட்டர். அதாவது சென்னையில் இருந்த ஓர் உயிரினம் பத்தாண்டில் மாமல்லபுரம் தூரம் போகிறது. ஒருவர் வாழ்நாளுக்குள் அது மாவட்டம் மாறி, மாநிலமும் மாறிவிடும்.

எல்லா மீனும் துருவத்தைப் பார்த்துத்தான் போகும் என்றில்லை. சில கீழே இறங்குகின்றன. நம் கானாங்கெளுத்தி, கன்னியாகுமரிக்காரர்கள் அயிலை என்பது, மேல்நீர் மீன். 1985-89 காலத்தில் மொத்தக் கானாங்கெளுத்தியில் 2 சதவீதம்தான் கடல் தரையை அரிக்கும் இழுவலைகளில் சிக்கியது. 2003-07-ல் அது சுமார் 15 சதவீதம். மேலே சூடேற, மீன் குளிர்ந்த கீழ்நீருக்கு இறங்கியிருக்கிறது என்று அதே கொச்சி ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இங்கே நம் கடலுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. அட்லாண்டிக் மீன் வடக்கே போக நினைத்தால் ஆர்க்டிக் வரை வழி திறந்திருக்கிறது. அரபிக் கடலுக்கும் வங்கக் கடலுக்கும் வடக்கே தரை. ஆசியா கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. ஆழத்துக்குப் போகலாமென்றால், அரபிக் கடலில் சில நூறு மீட்டர் இறங்கினாலே ஆக்சிஜன் ஏறக்குறைய வற்றிப்போன ஒரு பெரிய அடுக்கு வருகிறது. மேலே சூடு, கீழே மூச்சில்லை, வடக்கே சுவர்.

கூப்பிடாமல் வந்த மீனும் ஒரு சண்டையும்

மீன் இடம் மாறினால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஐஸ்லாந்து நல்ல உதாரணம். வடகிழக்கு அட்லாண்டிக்கின் மாக்கரல், நம் கானாங்கெளுத்திக்குத் தூரத்து உறவு. பல காலமாக அதை ஐரோப்பிய ஒன்றியம், நார்வே, ஃபேரோ தீவுகள் ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொண்டன. ஐஸ்லாந்து கடலில் அது பெரிதாக இல்லாததால் அந்தப் பங்கீட்டில் அந்நாட்டுக்கு இடமில்லை.

2006-07 கோடையில் மாக்கரல் ஐஸ்லாந்து கடலில் திரள ஆரம்பித்தது. சில ஆயிரம் டன்னாக இருந்த பிடிப்பு 2008-ல் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. அதே ஆண்டில்தான் ஐஸ்லாந்தின் வங்கிகள் சரிந்து நாடே கடனில் மூழ்கியிருந்தது. அந்த நேரத்தில் கரைக்கு வந்த மீனை யார் வேண்டாமென்பார்கள்? 2010-ல் ஐஸ்லாந்து தனக்குத்தானே 1,30,000 டன் ஒதுக்கிக்கொண்டது. ஃபேரோ தீவுகளும் தம் பங்கை 85,000 டன்னாக உயர்த்திக்கொண்டன.

ஸ்காட்லாந்து மீனவர்கள் கொதித்தார்கள். தாங்கள் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டோடு காத்துவந்த மீனை வேறொருவர் அள்ளுகிறார் என்பது அவர்கள் வாதம். எங்கள் கடலில் மேய்ந்து எங்கள் தீனியைத் தின்று கொழுக்கிற மீனில் எங்களுக்குப் பங்கில்லையா என்பது ஐஸ்லாந்தின் வாதம். 2010 ஆகஸ்டில் மாக்கரலோடு பீட்டர்ஹெட் துறைமுகத்துக்கு வந்த ஃபேரோ கப்பலை மீனவர்கள் மறித்து, சரக்கை இறக்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். இரு பக்கத்து நியாயமும் கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பங்கை எழுதிக்கொண்டதில், எல்லாப் பங்கையும் கூட்டினால் விஞ்ஞானிகள் சொன்ன அளவை மீறியது. 2012-லும், மறுபடி 2019-லும் இந்த மீன்பிடிப்புக்கான நீடித்த மீன்பிடிச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டது.

கதையில் இன்னொரு திருப்பம். 2014-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்ட மாக்கரல் பரவல், பின்பு கிழக்கே நார்வே கடல் பக்கம் சுருங்கத் தொடங்கியது. நீரின் சூடு மட்டுமே மீனை இழுப்பதில்லை. தீனி எங்கே கிடைக்கிறது, மீன்கூட்டம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் அதன் வழியைத் தீர்மானிக்கிறது. வந்த மீன் தங்கும் என்று உத்தரவாதம் எதுவும் இல்லை.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சண்டை இவ்வளவு சத்தமாக நடக்கவில்லை. ஆனால் வேடிக்கை அதைவிடப் பெரிது. அங்கே கோடைத் தட்டைமீன் என்ற ஓர் இனத்துக்கு மாநிலவாரியாகப் பங்கு நிர்ணயித்தார்கள். 1980களில் யார் எவ்வளவு பிடித்தார்களோ அதுவே அளவுகோல். தெற்கிலுள்ள வட கரோலினாவுக்கும் விர்ஜினியாவுக்கும் சேர்ந்து ஏறக்குறைய பாதி கிடைத்தது. பின்பு மீன் வடக்கே நகர்ந்தது. பங்கு நகரவில்லை. வட கரோலினா படகுகள் நியூ ஜெர்சிக்கு அப்பால் வரை போய் மீனைப் பிடித்து, அதை விற்க மறுபடி தெற்கே வந்தன. வடக்கத்திய மீனவர்களோ தங்கள் வாசலில் திரிந்த மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீன் வெப்பத்தைக் குறைத்துக்கொள்ள இடம் மாறியது. அதைத் துரத்த எரித்த டீசல் வெப்பத்தைக் கூட்டியது.

எழுந்தவர் இடத்தில் யார்?

ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்தது குளிர்நாட்டுச் சண்டை. அங்கே ஒருவருக்கு நட்டம் வந்தால் இன்னொருவருக்கு லாபம் வருகிறது. வெப்ப மண்டலத்தின் கணக்கு வேறு. அதை எண்ணாக எடுத்துக்காட்டியவர்கள் வில்லியம் சங், ரெக் வாட்சன், டேனியல் பாலி ஆகிய மூவர், ஆண்டு 2013.

அவர்கள் யோசனை எளிமையானது. ஒவ்வொரு மீனுக்கும் பிடித்தமான வெப்பம் ஒன்று உண்டு. ஒரு கடலில் ஓர் ஆண்டில் பிடிபட்ட மீன்களையெல்லாம் எடுத்து, எடைக்குத் தகுந்தபடி அவற்றின் பிடித்தமான வெப்பத்தைச் சராசரி பார்த்தால், அந்தப் பிடிப்புக்கு ஒரு வெப்பநிலை கிடைக்கும். வலையையே வெப்பமானியாக்கிவிட்டார்கள். உலகின் 52 கடற்பகுதிகளில் 1970 முதல் 2006 வரை பார்த்ததில், இந்த வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.19 டிகிரி வீதம் உயர்ந்திருந்தது. மிதவெப்பக் கடல்களில் குளிரை விரும்பும் மீன்கள் விலக, சூட்டை விரும்பும் தெற்கத்திய மீன்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வெப்ப மண்டலக் கடல்களில் மட்டும் கோடு சற்றே ஏறி, பிறகு படுத்துவிட்டது. ஏன்? குளிர்ச்சி பார்க்கும் இனங்கள் போய்விட்டன. ஆனால் வெப்ப மண்டலத்தைவிடச் சூடான பெருங்கடல் பூமியில் வேறெங்கும் இல்லை. அங்கிருந்து புதிதாகக் கிளம்பி வர இனங்களும் இல்லை. குளிர்நாட்டுப் பந்தியில் ஒருவர் எழுந்தால் காத்திருக்கும் இன்னொருவர் உட்கார்ந்துவிடுகிறார். நம் பந்தியில் எழுந்தவர் இலை அப்படியே காலியாகக் கிடக்கிறது.

பந்தியே சுருங்கவும் செய்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் மேற்கு இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தார்கள். 1901 முதல் 2012 வரை அதன் கோடைக்கால மேற்பரப்பு 1.2 டிகிரி சூடேறியிருக்கிறது. சூடான நீர் லேசானது. மூடிபோல மேலே மிதந்து, கீழிருந்து சத்துநீர் ஏறி வருவதைத் தடுக்கிறது. அறுபது ஆண்டுகளில் அங்கே நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக 2016-ல் அவர்கள் கணித்தார்கள். கடலின் மற்ற உயிர்களில் பெரும்பாலானவை நேராகவோ சுற்றியோ அந்தப் பாசியை நம்பித்தான் வாழ்கின்றன.

வெப்ப மண்டல மீன் இப்படி விலகுவதால் மிக அதிகமாக இழக்கப்போகிறவர்களில் பசிபிக் தீவுக்காரர்களும் உண்டு. கிரிபாட்டி, துவாலு, நவுரு போன்ற பத்துத் தீவு நாடுகளுக்கு, வெளிநாட்டுச் சூரைக் கப்பல்களிடம் வாங்கும் கட்டணம்தான் அரசு வருமானத்தில் சராசரியாக 37 சதவீதம். புகை வெளியேற்றம் மிக மோசமான கணிப்பின்படியே போனால், 2050-க்குள் அந்த நாடுகளின் கடலிலுள்ள சூரை சராசரியாக 13 சதவீதம் குறையும் என்றும், ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டாலர் கட்டணம் கைவிட்டுப் போகும் என்றும் 2021-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சூரை அவர்களுடைய 200 கடல் மைல் எல்லையைத் தாண்டி யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கடலுக்குப் போய்விடும். அங்கே பெரிய கப்பல் வைத்திருப்பவரின் கைதான் ஓங்கும்.

ஆனால் மீனோடு கூடவே நகரும் விதியை எப்படி எழுதலாம் என்று காட்டியதும் இதே தீவுக்காரர்கள்தான். பசிபிக்கின் வெந்நீர் கிழக்கே பரவும் எல் நினோ ஆண்டில் சூரை கிழக்கே கிரிபாட்டி பக்கம் போகும். அந்த நீர் மேற்கே ஒதுங்கும் லா நினா ஆண்டில் மேற்கே பப்புவா நியூ கினி பக்கம் திரும்பும். ஆகவே அவர்கள் மீனை டன் கணக்கில் பங்கிடாமல், ஒரு கப்பல் ஒரு நாள் மீன் பிடிக்கும் உரிமையை அலகாக வைத்தார்கள். மீன் அடுத்த நாட்டுக் கடலுக்குப் போன ஆண்டில், மிச்சமிருக்கும் நாட்களை அந்த நாட்டுக்கு விற்றுக்கொள்ளலாம். மீன் போனாலும் வருமானம் முழுதாகப் போவதில்லை. பணக்கார ஐரோப்பா மாக்கரலுக்காகத் துறைமுகத்தில் மல்லுக்கு நின்றபோது, சின்னஞ்சிறு தீவுகள் செய்த ஏற்பாடு இது.

எல்லாப் பழியும் வெயில்மேலா?

மத்திக்குத் திரும்புவோம். 2012-ல் கேரளக் கரையில் ஏறிய மத்தி சுமார் 4 லட்சம் டன். 2019-ல் 44 ஆயிரம். 2021-ல் வெறும் 3,297 டன். குடும்பம் புலர்த்தி குடும்பத்தைக் கைவிட்டுவிட்டது என்று பேச்சு எழுந்தது. அடுத்த ஆண்டே அது மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது.

இந்த ஊசலாட்டம் முழுவதையும் புவி சூடேறியதன் கணக்கில் எழுதினால் அறிவியல் ஆகாது. மத்தி பழைய ஊசல். மலபார் சென்னை மாகாணத்தில் இருந்த நாட்களிலேயே மத்தி காணாமல் போய், 1943-ல் அரசாங்கம் சில வலைகளுக்கும் குஞ்சு மீன் பிடிப்பதற்கும் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. அப்போது கடல் இவ்வளவு சூடேறியிருக்கவில்லை. பருவக்காற்று ஓர் ஆண்டு ஓங்கி வீசும், ஓர் ஆண்டு சோரும். எல் நினோ வந்து குழப்பும். கீழ்நீர் சரியான வாரத்தில் ஏறாவிட்டால் பொரித்த குஞ்சுகள் பட்டினி கிடக்கும். இதெல்லாம் இயற்கை ஆட்டும் ஊசல். அதன்மேல் நாம் இரண்டு பாரம் ஏற்றியிருக்கிறோம். ஒன்று, சூடேறும் கடல். மற்றொன்று, கூட்டத்தையே வளைத்து அள்ளும் வலை. இரண்டில் எதற்கு எத்தனை பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. மீனவர் கையில் உடனே இருப்பது இரண்டாவது மட்டும்தான்.

அந்த இரண்டாவது, கிழக்குக் கரையில் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். மத்தி போன்ற கூட்ட மீனை அள்ளத் தோதான சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000-லேயே தடை செய்தது. மீன் வந்துகொண்டே இருக்க, வலையும் வந்துகொண்டே இருந்தது. பெரிய முதல் போட்டவருக்கு அது ஒரே நாளில் லட்சங்கள். பக்கத்து ஊரின் ஃபைபர் படகுக்காரருக்கு வெறும் வலை. ஊருக்கும் ஊருக்கும் மோதல், மறியல், வழக்கு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் இந்த வலையைப் பயன்படுத்தலாம் என்று இடைக்கால அனுமதி தந்தது. பீட்டர்ஹெட்டில் கப்பலை மறித்த கோபமும் நம் கரையில் படகை மறித்த கோபமும் ஒரே இனம்தான். புதிதாக வந்த மீனை எப்படிப் பங்கிடுவது என்று இரண்டு இடத்திலும் முன்கூட்டி யாரும் பேசி வைத்திருக்கவில்லை.

இடம் மாறாமல் நாள் மாறும் மீன்

கடைசியாக, ஊரைவிட்டுப் போகாத ஒரு மீன். சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான சங்கரா. வடக்கே போகவில்லை, ஆழத்துக்கும் ஓடிவிடவில்லை. அது செய்தது வேறு. சினை பிடித்த சங்கராக்கள் ஆண்டின் எந்த மாதங்களில் வலையில் வருகின்றன என்று சென்னைக் கடலில் 1980 முதல் 2004 வரை பார்த்தார்கள். தொடக்கத்தில் அவற்றில் சுமார் 35 சதவீதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சூட்டுக் காலத்தில் கிடைத்தன. கடைசியில் அது சுமார் 5 சதவீதம். மற்றவை எல்லாம் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களுக்கு மாறிவிட்டன. இடத்தை மாற்றாத மீன், பிள்ளைப்பேற்றின் நாளை மாற்றிக்கொண்டது.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் சினை வைக்கும் காலம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தடை பல இனங்களைக் காக்கிறது. சங்கராவுக்கென்று மட்டும் போட்டதில்லை. அந்த நாட்களில் மடியை உலர்த்தி, பலகை மாற்றி, வர்ணம் அடித்து, நிவாரணத் தொகைக்குக் காத்திருப்பது மீன்பிடித் துறைமுகங்களில் பழகிப்போன சடங்கு. ஜூன் நடுவில் பூசை போட்டுப் படகுகள் கிளம்புகின்றன. ஐப்பசி பிறந்து மழை பெய்து கடல் குளிரும்போது சங்கராவின் வயிற்றில் சினை ஏறுகிறது. அப்போது படகுகளெல்லாம் கடலில்தான் இருக்கின்றன.